என் மகள் சாப்பிடாத முட்டை

போன மாதம் ஓர் அம்மா என் உள்ளங்கையில் ஒரு முட்டைத் துண்டை வைத்தார். வேகவைத்த முட்டையின் வெள்ளைப் பகுதி. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும்.

“உன் பொண்ணு வயித்துல இருந்து வந்தது நைனா. நல்லா பாத்துக்கோ” என்றார்.

நன்றாகத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு நம்பினேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, பிள்ளைகளே. அந்தத் துண்டை நம்பிய கையோடு என் மகளை நம்பாமல் போனேன். அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வாராவாரம் ‘இப்படி இருங்கள், அப்படி இருங்கள்’ என்று உங்களுக்குச் சொல்கிற ஆள், தன் வீட்டு விஷயம் வரும்போது மட்டும் நழுவினால் எப்படி?

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகளுக்காக... நான் திருத்தணியில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என் மகள் ஜனனி ஆறாம் வகுப்பு. அவள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் நான் எழுதவே ஆரம்பித்தேன்.

இந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்க வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். யாரும் தூண்டவில்லை. போன வருடம் படிக்கட்டில் சின்னச் சின்னப் பிள்ளைகள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு காவடியோடு ஏறியதைப் பார்த்திருக்கிறாள். மாலை போட்டுக்கொண்டாள். வீட்டில் கவுச்சி கிடையாது — மீன், கறி, முட்டை எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரே சொல்தான்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டோடு முட்டை தருவார்களே? அதை அப்படியே எடுத்துப் பக்கத்தில் உட்காரும் தோழி பவானியின் தட்டில் வைத்துவிடுவாள்.

“பவானிக்கு இந்த ஆடி மாசம் முடியவே கூடாது நைனா” என்று சொல்லிச் சிரிப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் வந்து நின்றாள். “நைனா... கீழ் வயிறு வலிக்குது.”

என் மனைவி லதா ஓம வாட்டர் கொடுத்தாள். தொப்புளைச் சுற்றிப் பெருங்காயத்தைக் குழைத்துத் தடவினாள். வலி குறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் மறுபடி வந்தது. சோறு இறங்கவில்லை. முகம் வாடிவிட்டது.

“டாக்டர் அண்ட இட்டுகினு போலாங்க” என்றாள் லதா.

“டாக்டர் இன்னா பண்ணுவாரு? ஊசி போடுவாரு. இது தொக்கம். மூஞ்சப் பாத்தாலே தெரியல?” என்றேன் நான்.

எவ்வளவு தைரியம் பாருங்கள். ஒரு மிக்சி ஓடவில்லை என்றால்கூடப் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வதில்லை.

தொக்கம் என்றால் சில பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். சாப்பிட்டது ஏதோ ஒன்று செரிக்காமல் வயிற்றிலோ தொண்டையிலோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைப்பார்கள். அதை எடுப்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். வயிற்றில் எண்ணெய் தேய்த்து அமுக்கி, ஒரு குழாயை வைத்து, வாயால் உறிஞ்சி, அந்தப் பொருளை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். ‘இங்கு தொக்கம் எடுக்கப்படும்’ என்று சுவரில் எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனக்கே போன வருடம் எடுத்திருக்கிறார்கள். ஒரு தேங்காய்ச் சில்லு வந்தது. நான் தேங்காய் சாப்பிட்டேனா? சாப்பிட்டிருப்பேன்... யார்தான் சாப்பிடவில்லை! அதன்பிறகு வயிறு லேசான மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ‘கைராசிக்கார அம்மா’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த அம்மாவிடம்தான் ஜனனியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒரு கிராமம். பஸ்ஸில் ஜனனி என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டாள்.

அங்கே நல்ல கூட்டம். கைக்குழந்தையோடு வந்த அம்மாக்கள், பேரப்பிள்ளையைத் தூக்கி வந்த தாத்தா, நெஞ்செரிச்சலுக்காக வந்த ஒரு லாரி டிரைவர். ஒவ்வொருத்தராக உள்ளே போய், ஒவ்வொரு துண்டாக வெளியே வந்தது. ஒருத்தருக்குப் புளியங்கொட்டைத் தோல். ஒரு குழந்தைக்குப் பிஸ்கட். லாரி டிரைவருக்குப் பரோட்டா.

“ஆங்... நெல்லூர்ல துன்னது!” என்றார் டிரைவர், ஊர் முதற்கொண்டு கண்டுபிடித்த மாதிரி. எல்லாரும் சிரித்தோம்.

எங்கள் முறை வந்தது. ஜனனியைப் பாயில் படுக்கவைத்தார் அந்த அம்மா.

“ஏமி தின்னாவம்மா? இன்னா துன்ன கண்ணு?”

“ஒன்னும் துன்னல” என்றாள் ஜனனி.

அந்த அம்மா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். விளக்கெண்ணெயை ஊற்றி வயிற்றை வழித்து வழித்து அமுக்கினார். ஜனனி “அம்மா” என்று கத்தினாள். எழப் பார்த்தாள். நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். பித்தளைக் குழாயை வயிற்றில் வைத்து ஒரே உறிஞ்சல். தலையைத் திருப்பித் தன் கையில் துப்பினார்.

முட்டை.

“பாத்தியா? ஒட்டிகினு இருந்திருக்குது. இனிமே வலி இருக்காது” என்று என் கையில் வைத்தார்.

ஜனனி எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தாள். “நான் முட்டை துன்னல” என்றாள்.

“எல்லா புள்ளைங்களும் இதான் சொல்லும்” என்றார் அந்த அம்மா.

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் முன்பு லாரி டிரைவரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்புதான். ஆனால் இப்போது என் மகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“கழுத்துல மாலை கீது... வயித்துல முட்டை கீது!” என்று யாரோ சொன்னார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அவமானமாகிவிட்டது. ஊரார் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று கோபம் வந்தது.

“மாலை போட்டுகினு முட்டை துன்னியா?” என்றேன். சத்தமாக. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. “இல்ல நைனா... பவானி கிட்ட குடுத்துட்டேன் நைனா... தெனமும் குடுத்துடறேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அந்தத் துண்டை அவள் கண்ணுக்கு நேராக நீட்டினேன். “அப்போ இது இன்னா?”

பதில் சொல்ல முடியாத கேள்வி, இல்லையா? தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எந்தப் பிள்ளையால் காட்ட முடியும்?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாலையைக் கழற்றினேன்.

“வேணாங்க, புள்ள இவ்ளோ சொல்லுதே” என்று லதா குறுக்கே வந்தாள்.

“நான் கண்ணால பாத்தேன். என் கையில வச்சாங்க.”

“கையில வச்சா? நாளைக்கு உங்க கையில ஒரு கல்ல வச்சி, உங்க பொண்ணு துன்னதுன்னா?”

“வெரதத்த கெடுத்துட்டு காவடி தூக்கினா முருகன் சும்மா விடுவாரா?” என்றேன். முருகனை என் பக்கம் சேர்த்துக்கொண்டேன். அவரைக் கேட்காமலேயே!

ஜனனி கழுத்தைக் குனிந்து காட்டினாள். அடம் பிடிக்கவில்லை. நான் கழற்றினேன்.

இதோடு முடிந்ததா? இல்லை. மறுநாள் ஜனனி வலியோடு வீட்டில் படுத்திருக்க, நான் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றேன். பவானியைப் பிடித்து விசாரிக்க.

“இன்னா மாமா? ஜனனிக்கு எப்படி கீது?” என்று ஓடி வந்தாள் அந்தப் பெண்.

“நீ உண்மைய சொல்லு. ஜனனி முட்டை சாப்டாளா?”

“அவ எங்க மாமா சாப்டா? அவளுதும் நான்தான் துன்றேன். எங்கம்மா கூட, இன்னாடி குண்டாகிட்டேன்னு கேட்டுச்சு.”

“ரெண்டு பேரும் பேசி வச்சிகினு சொல்றீங்களா?”

அவள் சிரிப்பு நின்றது. பிறகு கேட்டாள்: “இன்னா மாமா... நீங்கதான பேப்பர்ல எழுதனீங்க, பசங்க சொன்னா காது குடுத்து கேக்கணும்னு? எங்க வீட்ல அத கட் பண்ணி எங்கப்பாவுக்கு காட்டினேன் மாமா.”

இவள் என் வாசகி! நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “பெரியவங்க கிட்ட எதிர்த்துப் பேசாத” என்று சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஜனனிக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் குளிர் நிற்கவில்லை. லதா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு பெண்மணி. லதா எல்லாவற்றையும் என்னையே சொல்லச் சொன்னாள். “அவருக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றாள். தண்டனைதான்.

“என்ன சாப்பிட்டா?” என்று கேட்டார் டாக்டர்.

“முட்டைங்க... ஒத்துக்கல. தொக்கம் எடுத்தோம். வந்துடுச்சி. அப்பறமும் வலி நிக்கல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“வயித்த அமுக்கினாங்களா?”

“ஆங்... எண்ணெய் போட்டு.”

“குடல்வால் வீங்கியிருந்து, அதுமேல அமுக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுங்களா? நல்லவேளை, இது அது மாதிரி தெரியல.” பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார்: “தொக்கம் எடுத்துட்டு, கயிறு மந்திரிச்சிட்டு, கஷாயம் குடுத்துட்டு வரவங்க நிறைய பேரு. ஒருத்தரும் எங்ககிட்ட வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. நீங்க சொன்னீங்க, அந்தமட்டும் நல்லது.”

அந்த அறையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அதையும் நான் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டேன். என்ன ஜென்மமோ!

பிறகு அவர் ஜனனி பக்கம் நாற்காலியைத் திருப்பினார். “நீ சொல்லு. எங்க வலிக்குது?”

ஜனனி என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

“அவர பாக்காதம்மா. வலி உன்னுதுதானே? என்னப் பாத்து சொல்லு. விரல வச்சி காட்டு.”

விரலை வைத்துக் காட்டினாள். அடிவயிற்றில். அந்த அம்மா குழாய் வைத்த இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

“ஒன்னுக்குப் போகும்போது எரியுதா?”

“ஆங்.”

“எவ்ளோ நாளா?”

“வலி வரதுக்கு முன்னாடியே.”

“தண்ணி குடிக்கிறியா?”

ஜனனி குனிந்துகொண்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பாத்ரூமில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. உள்ளே போக வெட்கம். அதனால் காலையில் கிளம்பும்போதிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில் போன மாதிரியே திரும்பி வரும். லதா அதைச் செடிக்கு ஊற்றுவாள்.

“வீட்ல சொல்லலியா?” என்றார் டாக்டர்.

“கீழ் வயிறுன்னு சொன்னேன். நைனா தொக்கம்னு சொல்ட்டாரு.”

குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

டெஸ்ட் எடுத்தார்கள். சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று. காய்ச்சல் அதனால்தான். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். “பெண் பிள்ளைங்க இப்படி அடக்கிகிட்டு நிறைய பேரு வராங்க” என்றார். கிளம்பும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்போ அந்த முட்டை, டாக்டர்?”

“வயித்துக்குள்ள போன முட்டை தோல் வழியா எப்படிங்க வெளிய வரும்? அதுவும் கடிச்ச தடம்கூட இல்லாம?”

எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஏன் தெரியுமா பிள்ளைகளே? என் தொழிலிலும் இந்த வேலை உண்டு. நான் செய்ததில்லை, ஆனால் செய்கிறவர்களைத் தெரியும். மிக்சியில் ஒயர் லூஸாக இருக்கும். அதைச் சரிசெய்துவிட்டு, டிராயரில் தயாராக வைத்திருக்கிற கருகிப்போன பழைய காயிலை எடுத்துக் காட்டுவார்கள். “பாருங்கம்மா, உங்குளுது இப்படி எரிஞ்சி போச்சி!” கண்ணால் பார்த்தபிறகு யார் கேள்வி கேட்பார்கள்? வாடிக்கையாளர் அந்தக் காயிலை மூக்கில் வைத்து முகர்ந்துகூடப் பார்ப்பார். “ஆமாப்பா, தீஞ்ச வாசனை வருது” என்பார். அப்படி ஏமாந்த வாடிக்கையாளர்களை நினைத்து நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன்!

லாரி டிரைவர் நெல்லூரைக் கண்டுபிடித்ததும், நான் தேங்காய்ச் சில்லை ஒப்புக்கொண்டதும் வேறென்ன? துண்டை அந்தத் தொக்கம் எடுக்கிற அம்மா கொடுக்கிறார். கதையை நாம் சேர்த்துக்கொள்கிறோம். ஜனனி ஒருத்திதான் கதை சேர்க்கவில்லை. ‘துன்னல’ என்றாள். அங்கே இருந்தவர்களில் உண்மை பேசியது அவள் மட்டும்தான். அவளைத்தான் நான் கேவலப்படுத்தினேன்.

பெரியவர்கள் நாங்கள் எதை எதையோ குடிக்கிறோம். என் கடைக்கு வந்து பாருங்கள். பிளேடு உடைந்து வருகிற ஜார்களில் பாதி, சர்க்கரை நோய்க்கு யாரோ சொன்னார்கள் என்று பட்டையையும் கடுக்காயையும் கொட்டையோடு போட்டு அரைத்ததுதான். என் முட்டிக்கு நானும் ஒரு தைலம் தேய்க்கிறேன். நாற்றம் தாங்காமல் லதா திட்டுவாள். சித்த மருத்துவம் முறையாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் குணமானவர்களையும் எனக்குத் தெரியும். எது நல்ல மருந்து, எது இல்லை என்று தீர்ப்புச் சொல்கிற படிப்பு என்னிடம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல முடியும். எனக்குக் கசந்தால் நான் துப்பிவிடுவேன். வலித்தால் ‘போதும்’ என்று எழுந்துவிடுவேன். ஜனனி எழத்தான் பார்த்தாள். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்?

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் சொன்னேன். “மன்னிச்சிடும்மா. நீ சொன்னது நெஜம். நைனா பண்ணது தப்பு.”

“சரி” என்றாள்.

அந்த ‘சரி’யை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு ரிப்பேர்க்காரனுக்கு அதில் எங்கே பிடித்துத் திருகுவது என்று புரியவில்லை.

மாத்திரை வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. பவானி வீட்டுக்கு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து அரட்டை அடித்தாள். நான் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மாமா, எழுதும்போது என் பேரு போடுங்க” என்றாள். போட்டுவிட்டேன், பவானி! பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றதும், ஸ்குரூ டிரைவரோடு போய் நானே மாட்டிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஆனால் மாலை? கிருத்திகைக்கு முன்னால் மறுபடி போட்டுவிடலாம் என்று லதா கோயிலில் விசாரித்து வந்தாள். தாராளமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் மாலையை எடுத்துக்கொண்டு ஜனனி முன்னால் போய் நின்றேன்.

“வேணாம் நைனா.”

“ஏம்மா? நீதான் ஆசப்பட்ட?”

“எல்லாரும் பாப்பாங்க. முட்டை துன்னவ காவடி தூக்குதுன்னு சொல்வாங்க.”

“அவங்க அந்த ஊரு. இங்க யாருக்கும் தெரியாதும்மா.”

“பவானிக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசல்ல நின்னு கேட்டீங்க இல்ல? எல்லார் காதுலயும் விழுந்துச்சாம்.”

நான் மாலையை மடித்து வைத்தேன்.

பூக்காவடி முன்கூட்டியே சொல்லிவைத்தது. கிருத்திகை காலையில் கட்டி வந்துவிட்டது. நேர்ந்துகொண்ட காவடியை வீட்டில் வைத்திருக்க முடியுமா? நான் தூக்கினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை தோளுக்குக் கட்டியது. என் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. படிக்கட்டில் ஏறினால் கூட்டத்தில் எல்லார் கண்ணும் என்மேல்.

“இன்னா அண்ணா, கொழந்த காவடிய நீ தூக்கிகினு போற?” என்று எங்கள் தெரு டீக்கடைக்காரர் கத்தினார்.

“ஆங்... தப்பு பண்ணது நான்தான!” என்று நானும் கத்தினேன். அந்தக் கிராமத்தில் எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ, அந்த அளவுக்காவது சத்தம் வரட்டும் என்று. பின்னால் ஜனனியும் பவானியும் தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு வந்தார்கள். ஜனனி கேட்டாளா? தெரியாது. திரும்பிப் பார்க்க முடியாதபடி கழுத்தில் காவடி.

பிள்ளைகளே, உங்களுக்கு இதில் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. வலி உங்களுடையது. எங்கே, எப்போது, எப்படி என்று விரலை வைத்துக் காட்டிச் சொல்லுங்கள். பெரியவர்கள் கேட்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லுங்கள். அம்மாவிடம், டீச்சரிடம், டாக்டரிடம் சொல்லுங்கள். யார் கையில் எந்தத் துண்டை வைத்துக் காட்டினாலும், நீங்கள் சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லைதான். இந்தப் பக்கத்தை அப்பாக்களும் படிப்பதாகக் கேள்வி. அவர்களுக்குச் சொல்ல எனக்கு இன்னும் தகுதி வரவில்லை.

ஜனனி இப்போது நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். பாட்டில் காலியாகத் திரும்பி வருகிறது. என்னிடம் பேசுகிறாள், சிரிக்கிறாள். எல்லாம் பழையபடிதான் என்று லதா சொல்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் ஜனனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வழக்கம்போலக் கேட்டேன்: “மதியம் சாப்டியாம்மா?”

என் முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து காட்டினாள்.

“வேணாம்மா... நம்புறேன். மூடு” என்றேன்.

இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.